கொருக்குப்பேட்டை, ரீடிங் எடுக்கும் நாள்

கேட் போட்டுவிட்டார்கள்.
ஐம்பத்தெட்டு எண்ணெய் டாங்கர் எண்ணி முடித்த பையன்
"அந்தாண்ட இன்னொண்ணு வருதுக்கா" என்கிறான்,
சந்தோஷமாக. இன்று பரீட்சையாம்.
ஆம்புலன்ஸ், குட்டியானை, ஐஸ் உருகும் மீன்பெட்டி, நான்.

பட்டறைக்காரன் சந்து.
அகலம்: ஒரு பைக், அல்லது ஒரு பிணம்.
இரண்டும் எதிரெதிரே வந்தால்
பைக்தான் பின்னால் போகவேண்டும்.

மீட்டர் அட்டையில் பெயர் உள்ளவர்கள் யாரும்
வீட்டில் இல்லை.
த. வஜ்ஜிரவேலு, மில் கதவை மூடிய வருடமே போய்விட்டார்.
சீலம் ரமணய்யா, நெல்லூர்ப் பக்கமிருந்து
உப்பு மூட்டையோடு வந்தவர்.
பக்கிரி சாயபு, தோல் மண்டி.
ஆக்னஸ் சின்னப்பன், ரங்கூன் கப்பலில் வந்திறங்கி
கடனுக்கு ஒரு பல்பு போட்டவள்.
பெயர் மாற்ற ஆபீசுக்கு அலைய யாருக்கும் நேரமில்லை.
வாரியத்தின் கணக்கில்
இன்னும் மின்விசிறிக்குக் கீழேதான்
படுத்திருக்கிறார்கள் எல்லாரும்.

எட்டாம் நம்பரில் மீட்டர் மாடிப்படிக்கு அடியில்.
சைக்கிள், கேரம்போர்டு,
மூன்று குடம் (பச்சை, ரோஸ், ரோஸ்)
ஒவ்வொன்றாய் நகர்த்தி
செல்போன் டார்ச் அடிக்கிறாள் குணபூஷணி.
"தெருமுனைல தண்ணி லாரியப் பாத்தா ஒரு கொரல் குடுக்கா.
பம்புல வர்றத மோந்து பாரு,
வண்டிக்கு ஊத்தலாம்."
மோந்து பார்த்தேன்.
ஊற்றலாம்.

எழுபத்துநாலு யூனிட்.
நூறு வரைக்கும் இலவசம்.
பக்கத்து வீடு அறுபத்தொன்று.
அதற்கடுத்தது எண்பத்தொன்பது, வீட்டில் தையல் மெஷின்.
பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம்
என்று தாளைத் துப்புகிறது கைமெஷின்.

அவள் மொட்டைமாடிக் கொடியில் காயும் வெள்ளைச்சட்டையை
விரலால் தொட்டேன். ஒட்டியது.
வடக்கே எண்ணூரில் கரி எரிகிறது.
கம்பி இந்தக் கூரைகளுக்கு மேலே
குனியாமல் தெற்கே போகிறது.

போன வருடம் ஆறு மாதம் அடையாறு டூட்டி.
ஒரு வீட்டில் மூவாயிரத்து நானூறு யூனிட்.
மீன் தொட்டிக்குத் தனி ஏசி இருக்குமோ என்று
எட்டிப் பார்த்தேன்.
அந்தம்மா நல்லவர், மோர் கொடுத்தார்.
"எங்கேர்ந்து வரீங்க?"
"வண்ணாரப்பேட்டை பக்கம்."
பொய்யில்லை. பக்கம்தான்.
கொருக்குப்பேட்டை என்றால்
பேச்சு ஒரு நொடி நிற்கும்,
என் கையில் என்ன இருக்கிறது என்று
கண் ஒருமுறை இறங்கி ஏறும்.
குணபூஷணியின் பையனும் பயோடேட்டாவில்
'மெட்ரோ அருகில்' என்றுதான் எழுதுகிறான்.
எது அருகில் என்று எழுதுவதில்லை.

பதினேழாம் நம்பர் பூட்டு.
ஜன்னல் வழியாக மீட்டரைப் படித்தேன்.
பதினொரு யூனிட்.
ஆளில்லாத வீட்டில் யார் பதினொரு யூனிட்?

கேட்டுக்கொண்டே மாடியேறினால்
புறாக்கூண்டு. மேலே கழியில் கட்டிய ஒற்றை பல்பு,
பகலிலும் எரிகிறது.
மக்காச்சோளம் தூவியபடி ஜெபராஜ் சொன்னான்:
"கூடூர்ல தொறந்து உட்டோம்கா. பதினாலு வந்துச்சு.
கருஞ்சாம்பல் ஒண்ணு மட்டும் வரல.
நாலு நாளாச்சு."
"பல்பு எதுக்கு? அதுக்குத்தான் வழி தெரியுமே."
"தெரியும்.
நாம இன்னும் இங்கதான் இருக்கோம்னு
அதுக்குத் தெரியணும்ல."

மெஷினில் 'கதவு பூட்டு' என்று அழுத்தவேண்டும்.
அழுத்தவில்லை.
மீதி இருபத்துமூன்று வீடு.
கீழே யாரோ லாரி லாரி என்று கத்த,
குடங்கள் ஓடுகிற சத்தம்.
நான் குரல் கொடுக்க மறந்திருந்தேன்.